புல்லாங்குழலின் விரிவு உத்திகளும் தனிக்குழல் ஆக்கங்களும்

புல்லாங்குழலில் ஒலி பிறக்கும் இடம் ஊதுதுளையின் விளிம்பு. உதடுகளுக்கிடையே மெல்லிய தகடுபோல வெளிவரும் காற்று அந்த விளிம்பில் மோதி, குழலுக்கு உள்ளும் வெளியுமாக மாறி மாறிச் சாய்கிறது. அந்தச் சாய்வு குழலினுள் நிற்கும் காற்றுத் தம்பத்தை அதிர வைக்கிறது. தம்பம் நீண்டால் சுருதி தாழும்; குறுகினால் ஏறும். ஏறத்தாழ 66 சென்ரிமீற்றர் நீளமான, இரு முனையும் திறந்த தம்பம் செக்கனுக்கு ஏறத்தாழ 260 தடவை அதிரும். துளைகளை ஒவ்வொன்றாகத் திறக்கும்போது தம்பத்தின் பயன்படும் நீளம் குறைந்து சுருதி உயர்கிறது. விரலை அசைக்காமல் காற்றின் வேகத்தை மட்டும் கூட்டினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும்.

ஆகவே குழலை ஆள்பவை விரல், உதடு, மூச்சு என்னும் மூன்றும். இவை மூன்றுமே படிப்படியாக மாறக்கூடியவை. விரல் துளையை முழுதாக மூடலாம். கால்வாசி, அரைவாசி என்றும் மூடலாம். உதடு ஊதுதுளையை மேலும் மறைத்தால் சுருதி சற்று இறங்கும், விலகினால் ஏறும். மூச்சு மெலியலாம், சீறலாம், நாவினால் வெட்டப்படலாம், தொண்டையின் குரலோடு கலக்கலாம். ஒரு குழலிலிருந்து எழக்கூடிய ஒலிகள் எண்ணில் அடங்காதவை. ஒவ்வொரு மரபும் அவற்றுள் சிலவற்றை இசையாக ஏற்று மற்றவற்றை ஒதுக்கியது. ஒதுக்கப்பட்டவற்றை மீண்டும் இசைக்குள் கொண்டுவரும் வாசிப்பு முறைகளே விரிவு உத்திகள் எனப்படுகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தனிக்குழல் ஆக்கங்கள் பல இவற்றின் மீதே எழுந்தவை. கர்நாடக இசையின் குழல் வாசிப்பும் அதே நூற்றாண்டில் தன் எல்லையை வேறொரு வழியில் விரித்தது. இவ்விரு வழிகளையும் சேர்த்துப் பார்க்கும்போதே இரண்டும் தெளிவாகின்றன.

மூங்கிலும் உலோகமும்

குழலின் அமைப்பைத் தமிழ் நூல்கள் பழங்காலத்திலேயே நுணுக்கமாகப் பதிந்துள்ளன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை குழல் ஆசிரியனுக்கு வேண்டிய தகுதிகளைக் கூறுகிறது. அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை, வங்கியம் எனப்படும் குழலின் நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என அளவு தருகிறது. மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றை அது குழல் செய்வதற்குரியனவாகக் குறிப்பிடுகிறது. இடமுனை அடைபட்டு வலமுனை திறந்திருக்கும் அமைப்பும் அங்கே விளக்கப்படுகிறது. இன்றைய கச்சேரிக் குழலும் அடிப்படையில் இதே அமைப்பினது: ஒரு மூங்கில், ஓர் ஊதுதுளை, எட்டு விரல்துளைகள். விரலுக்கும் காற்றுக்கும் இடையில் வேறெதுவும் இல்லை.

ஐரோப்பாவின் குழல் 19ஆம் நூற்றாண்டில் வேறு திசையில் சென்றது. மியூனிக் நகரத்துக் குழல் கலைஞரும் பொற்கொல்லருமான தியோபால்ட் போம் (1794–1881), 1832இல் புதிய விசைப்பொறியையும் 1847இல் உருளை வடிவக் குழலையும் உருவாக்கினார். விரல் எட்டும் இடத்தில் துளையிடும் பழைய வழக்கத்தை விட்டு, ஒலியியல் கேட்கும் இடத்தில் பெரிய துளைகளை இட்டார். அவற்றை மூடித் திறக்கத் தட்டு விசைகளை அமைத்தார். இதனால் பன்னிரண்டு அரைச்சுரங்களும் ஒரே வலிமையோடு ஒலித்தன. எந்தச் சுருதியிலும் விரைந்து வாசிக்க முடிந்தது. பெரிய வாத்தியக் குழுவிலும் குழல் தனித்துக் கேட்டது.

இந்தப் பெரும் பயனுக்கு ஒரு விலையும் இருந்தது. விசை ஒன்றில் திறக்கும், அல்லது மூடும். துளையின் மேல் விரலைத் தவழவிட்டு ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுகும் வாய்ப்புப் பெருமளவு மறைந்தது. தட்டுகள் ஐந்தின் நடுவே துளை விடப்பட்ட பிரெஞ்சுக் குழல் அதில் ஒரு பகுதியை மீட்டுத் தந்தது. மேலைநாட்டுக் குழல் கலைஞர் வழுகலையும் நுண்சுருதியையும் விரிவு உத்திகளாகத் தனியே பயில நேர்ந்ததற்கு இதுவே காரணம். மூங்கில் குழலில் ஜாரு எனப்படும் இந்த வழுகல் இசையின் அடிப்படை இலக்கணம். உலோகக் குழலில் அது முயன்று அடைய வேண்டிய ஒன்றாயிற்று.

கச்சேரி மேடையில் குழல்

கர்நாடக இசையில் குழலைத் தனிக்கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904). பார்வை இழந்த அவர் கேள்வி ஞானத்தாலேயே குழலின் விரலமைப்பை வகுத்துக்கொண்டார். அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் (1882–1962) அந்த வாசிப்பை நீண்ட காலம் மேடையில் வளர்த்தார். ஸ்வரங்கள் தனித்தனியாகவும் விரைவாகவும் தெறித்து விழும் தெளிவு இந்த வழியின் சிறப்பு. நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை (1898–1961) ராகத்தை நிதானமாக விரிக்கும் வேறொரு வழியைக் காட்டினார். அவரிடம் பயின்ற டி. விசுவநாதன் (1927–2002), வீணை தனம்மாளின் பேரர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் கற்பித்து இந்த இசையை அங்கே வேரூன்றச் செய்தார்.

திருவிடைமருதூரில் பிறந்த டி.ஆர். மகாலிங்கம் (1926–1986), இசை உலகில் மாலி என அறியப்பட்டவர், குழல் வாசிப்பையே மாற்றி அமைத்தார். 1933இல் மயிலாப்பூரில் ஏழு வயதுச் சிறுவனாக அவர் முதன்முதலில் மேடையேறினார். அவர் கொண்டுவந்த மாற்றங்கள் விரல், உதடு, மூச்சு ஆகிய மூன்றையும் தொட்டவை. துளைகளை விரல் நுனியால் குத்தி மூடாமல், விரலின் தசைப்பகுதி துளையின் மேல் சாய்ந்து படிப்படியாக விலகும் விதத்தில் கையை அமைத்தார். சுவர் தடித்த மூங்கிலைத் தேர்ந்தார். உதட்டின் மீது குழல் அமரும் கோணத்தையும் உள்ளே செல்லும் காற்றின் அளவையும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாற்றினார். கம்பிதமும் ஜாருவும் வாய்ப்பாட்டில் ஒலிப்பதுபோலவே குழலில் இழைந்தன. ஒரே ஸ்வரம் உரத்தும் மெலிந்தும், நிறைந்தும் காற்றாகக் கரைந்தும் ஒலிக்க இடம் உண்டாயிற்று. அவருடைய சீடர் என். ரமணி (1934–2015) இந்த வழியைச் சீரான கச்சேரி முறையாக்கினார். இந்துஸ்தானி இசையில் பன்னாலால் கோஷ் நிலைநாட்டிய நீண்ட குழலின் தாழ்ந்த நாதத்தையும் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார்.

இந்த விரிவின் நோக்கம் ஒன்றே: குழல் பாட வேண்டும். கீர்த்தனை சொற்களால் ஆனது. குழலுக்குச் சொல் இல்லை. அந்தக் குறையை நாக்கு நிரப்புகிறது. சாகித்தியத்தில் எழுத்து விழும் இடத்தில் துத்துகாரத்தால் காற்று வெட்டப்படுகிறது. ஓர் எழுத்தின் மீது பல ஸ்வரங்கள் நீளும் இடத்தில் நாக்கு ஒதுங்கி மூச்சு மட்டும் தொடர்கிறது. பாடல் தெரிந்த ரசிகர் குழலைக் கேட்கும்போதே சொல்லையும் கேட்கிறார். சொல்லின் பிரிவு தெரியாமல் இந்த வெட்டைச் சரியான இடத்தில் இட முடியாது. குழல் பயில்பவர் வாய்ப்பாட்டும் பயில வேண்டும் என்ற மரபின் காரணம் இதில் இருக்கிறது.

நாதஸ்வரம் தரும் சான்று

யாழ்ப்பாணத்தில் மூச்சின் இந்த நுட்பத்தை அதிகமாகக் கேட்கும் இடம் கோயில் வீதி. கொக்குவிலிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே சென்றால் இணுவில், அதற்கப்பால் மருதனார்மடம், மேலும் வடக்கே அளவெட்டி. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்பெற்ற கலைஞர் குடும்பங்களின் ஊர்கள் இந்த வட்டாரத்தில் உள்ளன. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் இணுவில் வி. தட்சிணாமூர்த்தியின் தவிலும் ஈழத்துக்கு வெளியேயும் போற்றப்பட்டவை.

நாதஸ்வரத்தில் விரல்துளைகள் ஏழு. அடிப்பகுதியில் உள்ள மற்றத் துளைகள் மெழுகிட்டுச் சுருதியைச் சீராக்குவதற்கு உரியவை. ஏழு துளையில் ஒரு ராகத்தின் எல்லா நுண்மையும் வருவதற்குக் காரணம், சீவாளியின் மீது உதடு தரும் அழுத்தமும் மூச்சின் விசையும். ஒரே விரலமைப்பில் சுத்த ரிஷபமும் சதுச்ருதி ரிஷபமும் மூச்சினால் வேறுபடுகின்றன. ஒத்து எனப்படும் சுருதி வாத்தியத்தை வாசிப்பவர் கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளியபடியே மூக்கால் மூச்செடுத்து, சுருதியை இடையறாமல் நிறுத்துகிறார். மேலைநாட்டுக் குழல் கலைஞர்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விரிவு உத்தியாகப் பயிலத் தொடங்கிய சுழல் மூச்சு இதுவே. திருவிழாவில் மேளச்சமா கேட்டு வளர்ந்த செவிக்கு இந்த உத்திகளின் அடிப்படை முன்பே பழகியது.

வரேஸ்: உலோகத்தின் ஒலி

மேலை இசையில் தனிக்குழலின் புதிய காலம் ஒரு சிறிய ஆக்கத்தோடு தொடங்குகிறது. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எட்கார் வரேஸ், 1936இல் ‘டென்சிற்றி 21.5’ என்ற ஆக்கத்தை எழுதினார். குழல் கலைஞர் ஜோர்ஜ் பாரேர் புதிதாகச் செய்வித்த பிளாட்டினக் குழலுக்காக அது எழுதப்பட்டது. பிளாட்டினத்தின் அடர்த்தியே தலைப்பில் உள்ள எண். 1936 பெப்ரவரியில் நியூயோர்க்கின் கார்னெகி மண்டபத்தில் அது அரங்கேறியது. 1946இல் வரேஸ் அதைத் திருத்தினார். வாசிக்க நான்கு நிமிடம் அளவே ஆகும்.

ஆக்கம் மூன்று ஸ்வரங்களில் பிறக்கிறது: எஃப், ஈ, எஃப் ஷார்ப். ஈ என்பதைச் சட்ஜமாகக் கொண்டால் சுத்த ரிஷபம், சட்ஜம், பின்னர் சுத்த காந்தாரத்தின் இடம். கனகாங்கி முதலான முதல் ஆறு மேளங்களின் தொடக்கத்தைப் பாடிய எவருக்கும் இந்த நெருக்கத்தின் அழுத்தம் புரியும். இந்தக் கரு மெல்ல மெல்ல மேலேறி, குழலின் அடித்தளத்திலிருந்து உச்சிவரை விரிகிறது. ஒலியின் அளவும் மெல்லியதிலிருந்து மிக உரத்ததற்குத் திடீரெனத் தாவுகிறது.

நடுப்பகுதியில் குழல் தாள வாத்தியமாகிறது. மெல்ல ஊதிக்கொண்டே விசைகளை வலுவாகத் தட்டும்படி வரேஸ் குறியிட்டார். விசையின் தட்டொலியும் ஸ்வரமும் ஒரே கணத்தில் எழுகின்றன. அதுவரை பழுதாகக் கருதி மறைக்கப்பட்ட பொறியின் ஓசை, இசையின் உறுப்பாக ஏட்டில் இடம்பெற்றது. அது சில அடிகளே வருகிறது; ஆனால் மேலேறிச் செல்லும் இசை ஒரு கணம் தணிந்து உள்நோக்கும் இடத்தில் வருவதால் அதற்குப் பொருள் உண்டாகிறது.

பெரியோ: ஒரு குழலில் பல குரல்

இத்தாலியின் லூச்சியானோ பெரியோ 1958இல் ‘செக்குவென்சா 1’ என்ற ஆக்கத்தைச் செவெரினோ கற்செல்லோனிக்காக எழுதினார். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டுமே ஒலிக்கும் வாத்தியத்தில் பல குரல்கள் பேசுவதாகச் செவியை நம்பவைப்பதே இதன் நோக்கம். தாழ்ந்த ஸ்தாயியில் ஒரு துணுக்கு, உடனே உச்சியில் மற்றொன்று, மீண்டும் கீழே முதலாவதின் தொடர்ச்சி என இசை தாவுகிறது. செவி தாழ்ந்தவற்றை ஒரு கோடாகவும் உயர்ந்தவற்றை இன்னொரு கோடாகவும் சேர்த்துக்கொள்கிறது. ஓரிடத்தில் இரண்டு ஸ்வரங்கள் உண்மையாகவே ஒன்றாக ஒலிக்கின்றன. இது பல்லொலி எனப்படும் உத்தி.

முதற்பதிப்பில் பெரியோ தாள அளவுகளை எழுதவில்லை. ஏட்டில் சம இடைவெளியில் கோடுகளிட்டு, ஸ்வரங்களுக்கிடையே உள்ள தூரத்தைக் கால அளவாகக் கொள்ளுமாறு விட்டார். வாசிப்பவர்கள் அந்தச் சுதந்திரத்தை அவர் எண்ணியதற்கு மேலாக எடுத்துக்கொண்டதால், 1992இல் வழக்கமான தாளக் குறியீட்டில் அதை மீண்டும் எழுதி வெளியிட்டார். எதைக் குறிப்பது, எதைக் கலைஞரிடம் விடுவது என்னும் கேள்வி விரிவு உத்திகளோடு கூடவே பிறந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

தக்கேமிற்சு: குழலுக்குள் பேச்சு

ஜப்பானின் தோரு தக்கேமிற்சு 1971இல் எழுதிய ‘வொய்ஸ்’ என்ற தனிக்குழல் ஆக்கம், சுவிற்சலாந்துக் குழல் கலைஞர் ஒரேல் நிக்கோலேக்காக எழுதப்பட்டது. இதில் வாசிப்பவர் ஊதுவதோடு நிற்பதில்லை. ஷூசோ தக்கிகுச்சி என்னும் ஜப்பானியக் கவிஞரின் சில வரிகளைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் குழலுக்குள்ளேயே பேசுகிறார், முணுமுணுக்கிறார், கூவுகிறார். பேச்சின் மெய்யெழுத்துகள் நாக்குவெட்டாகவும், உயிரெழுத்துகள் நாதத்தின் நிறமாகவும் மாறுகின்றன. நோ நாடகத்தில் ஒலிக்கும் நோக்கான் குழலின் சீறலும், ஷாக்குஹாச்சி என்னும் மூங்கில் குழலின் காற்று நிறைந்த நாதமும் இந்த ஆக்கத்தில் புதுவடிவம் பெறுகின்றன.

மாலி வாசித்த கீர்த்தனையில் சொல் ஒலிக்காமலே உணரப்பட்டது. தக்கேமிற்சுவின் ஆக்கத்தில் சொல் வெளிப்படையாகவே குழலுக்குள் நுழைகிறது. வழிகள் வேறு, குழலைக் குரலாக்க வேண்டும் என்ற வேட்கை ஒன்று. மனிதக் குரலின் முழு அளவையும் ஏற்கும்போதே குழலின் எல்லை விரிகிறது என்பதை இருவரும் நிறுவினர்.

உத்திகளும் அவற்றின் இயக்கமும்

இந்த ஆக்கங்களைத் தொடர்ந்து உத்திகளைத் தொகுக்கும் முயற்சிகள் எழுந்தன. இத்தாலியின் புரூனோ பர்த்தலோற்சி 1967இல் காற்று வாத்தியங்களின் புதிய ஒலிகளைப் பற்றி நூல் வெளியிட்டார். அமெரிக்கக் குழல் கலைஞர் ரோபேர்ட் டிக் 1975இல் குழலின் விரலமைப்புகளை விரிவாகத் தொகுத்து வெளியிட்டார். பின்னாளில் வழுகலுக்கென்றே நீண்டு குறுகும் தலைப்பகுதி ஒன்றையும் உருவாக்கினார்.

பல்லொலி, வழக்கத்துக்கு மாறான விரலமைப்பில் பிறக்கிறது. மேலே ஒரு துளையைத் திறந்து கீழே பலவற்றை மூடும்போது, குழலின் இயல்பான அதிர்வுகள் ஒன்றுக்கொன்று முழுவிகிதத்தில் அமைவதில்லை. காற்றின் வேகத்தை இரண்டு அதிர்வுகளுக்கும் பொதுவான ஓரளவில் நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். வேகம் சிறிது கூடினாலும் குறைந்தாலும் ஒன்று மறைந்துவிடும்.

ஊதிக்கொண்டே பாடும்போது தொண்டையின் அதிர்வும் குழலின் அதிர்வும் மோதுகின்றன. இரண்டும் மிக நெருங்கினால் நாதம் துடிக்கும், விலகினால் கரகரக்கும். சீழ்க்கை நாதம் இதற்கு எதிர்முனையில் இருப்பது. ஊதுகிறோமோ இல்லையோ என்ற அளவில் காற்றை மெலிவித்தால் மேல் அதிர்வுகள் ஒவ்வொன்றாக மின்னி மறையும். நாவடைப்பு என்பது நாக்கை ஊதுதுளைக்குள் விரைவாகச் செலுத்தி அடைப்பது. அந்தக் கணத்தில் குழல் ஒரு முனை அடைபட்ட தம்பமாக மாறுவதால், விரலமைத்த ஸ்வரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே, ஓர் அரைச்சுரம் மட்டும் மேலாக, மத்தளத்தின் தட்டுப்போல் ஓர் ஒலி எழும். ஊதுதுளையை வாயால் முழுதும் மூடி வேகமாக ஊதினால் சீறும் விசில் கேட்கும். பிரேசிலின் ஹெயிற்றர் வில்லா-லோபோஸ் 1950இல் குழலுக்கும் செல்லோவுக்கும் எழுதிய ஆக்கம் இந்த விசிலின் பெயரையே தாங்கியது.

மூங்கில் குழலில் இவற்றுட் பெரும்பாலானவை இயலும். பல்லொலி, குரல் கலத்தல், சீழ்க்கை நாதம், நாவடைப்பு ஆகியவற்றுக்கு விசைகள் தேவையில்லை. விசைத் தட்டொலிக்குப் பதிலாக, விரலைத் துளையின் மீது அறைவதால் எழும் மெல்லிய ஒலி உண்டு. வழுகலிலும் நுண்சுருதியிலும் மூங்கிலின் வளம் உலோகத்துக்கு மேலானது.

ஏடும் செவியும்

மேலை ஆக்கங்கள் புதிய ஒலிக்குப் புதிய குறியீடு தேடின. கர்நாடக இசை குருவின் வாசிப்பைச் செவியால் பற்றியது. ஆயினும் உத்தியைக் குறியீடாக்கும் முயற்சி இந்த மரபிலும் இருந்தது. எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வலி, ஜாரு, ஒறிகை, ஒதுக்கல் முதலிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளைத் தந்தது. ஒதுக்கலும் ஒறிகையும் வீணையில் விரல் செய்யும் செயல்களையே குறிப்பவை. வரேஸின் ஆக்கத்துக்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, ஸ்வரம் எது என்பதோடு அது எவ்வாறு பிறக்க வேண்டும் என்பதும் அச்சேறியது. அந்தக் குறிகளைக் குழலுக்கு ஏற்ப விரித்து, துத்துகாரம், அரைத்துளை, உதட்டுச் சாய்வு, மூச்சின் அளவு ஆகியவற்றுக்கும் குறி வகுத்தால், மூங்கில் குழலுக்கென்றே எழுதப்படும் ஆக்கங்களுக்கு உறுதியான ஏடு கிடைக்கும்.

இரு உலகங்களும் சந்தித்த ஆக்கங்கள் உண்டு. சிதார் கலைஞர் ரவிசங்கர், பிரெஞ்சுக் குழல் கலைஞர் ஜோன்-பியேர் ரம்பாலுக்காக, குழலுக்கும் ஹார்ப்புக்குமாக இந்துஸ்தானித் தோடி ராகத்தில் ஓர் ஆக்கம் எழுதினார். அந்தத் தோடி கர்நாடக முறையில் சுபபந்துவராளிக்கு நிகரானது. ராகத்தை விசைக்குழலுக்கு மாற்றும்போது எது நிலைக்கிறது, எது நழுவுகிறது என்பதை அறிய அது நல்ல பாடம்: ஸ்வரங்கள் நிலைக்கின்றன, ஸ்வரங்களுக்கிடையே உள்ள பாதை வாசிப்பவரின் உதட்டைப் பொறுத்தது.

புதிய ஆக்கம் எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் இந்த வரலாறு ஒரே அளவுகோலைத் தருகிறது. வரேஸின் தட்டொலி குழல் செய்யப்பட்ட உலோகத்தைக் கேட்கச் செய்தது. பெரியோவின் பல்லொலி பல குரல் என்னும் எண்ணத்தை நிறைவேற்றியது. தக்கேமிற்சுவின் பேச்சு கவிதையைத் தாங்கியது. மாலியின் விரல் சாகித்தியத்தைப் பாடியது. உத்தி அதன் இசைப்பொருளோடு பிணைந்த இடங்களில்தான் அது நிலைத்தது. ஆகவே பயிற்சியின் ஒழுங்கும் அதற்கேற்ப அமைய வேண்டும். முதலில் நீண்ட மூச்சில் நிலையான சுருதி. அடுத்து வாய்ப்பாட்டோடு சேர்ந்த கமகமும் துத்துகாரமும். அதன்பின் உதட்டாலும் மூச்சாலும் நாதத்தின் நிறத்தை மாற்றுதல். இறுதியாகப் பல்லொலி, குரல் கலத்தல் முதலியன. முதல் மூன்றும் கைவந்த மாணவருக்கு நான்காவது புதிய வாத்தியமாகத் தோன்றாது. கையிலுள்ள குழலின் மீதிப்பகுதியாகவே கிடைக்கும்.